அலுமினிய போட்ல ரிவெட் வழியா தண்ணி ஏறுது, வெல்ட் வைக்கவா சீலன்ட் போடவா?

மட்டக்குளியான்:
வணக்கம் எல்லாருக்கும். மாமாட 14 அடி அலுமினிய போட் ஒண்ணு எங்க கைக்கு வந்திருக்கு, பழைய அமெரிக்க சாமான், முழுக்க ரிவெட் அடிச்சது, வெல்டிங்னு ஒரு இடத்திலயும் இல்ல. களனி கங்கை பெருகினா ஆக்களை ஏத்தி இறக்க ஒரு போட் கையில இருக்கிறது நல்லது தானே, 2016 மே மாசம் வெல்லம்பிட்டி கொலன்னாவ பக்கம் பட்ட பாடு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மற்ற நேரம் பொல்கொட வாவியில போட்டு மீன் பிடிக்கலாம்.

பிரச்சினை என்னன்னா, சும்மா கட்டி வச்சா கொஞ்சமா தான் ஏறுது, எஞ்சின் போட்டு ஓடினா பின்பக்கம் கணுக்கால் வரைக்கும் வந்துடுது. எங்க இருந்து வருதுன்னே புடிக்க ஏலாம இருக்கு, பலகைக்கு கீழால ஓடி வந்து பின்னுக்கு சேருது. முந்தி வச்சிருந்த ஆள் உள்ளுக்கு கண்ட இடத்திலயும் சிலிகன் அப்பி வச்சிருக்கார், நகத்தால இழுத்தா நீளமா உரிஞ்சு வருது. முகத்துவாரத்தில ஒரு ஃபைபர் பாஸ் மேலால ஃபைபர் அடிச்சா சரிங்கிறார், வெல்டிங் பாஸ் ரிவெட்டை எல்லாம் வெல்ட் வச்சு மூடிடலாம்ங்கிறார். ரெண்டு பேரும் அலுமினிய போட் தொட்டதா தெரியல. செஞ்ச ஆக்கள் யாராவது சொல்லுங்க.

பீரா_வாசி:
ட்ரெய்ன் ப்ளக், அதான் போட்ல தண்ணி வடிக்கிற ஓட்டைட மூடி, பாத்தீங்களா ப்ரோ? பகிடி இல்ல. அந்த ப்ளக் போற குழாய்ட விளிம்பு, எஞ்சின் கொழுவுற போல்ட் ஓட்டைகள், ஃபிஷ் ஃபைண்டர் பூட்டின ஸ்க்ரூ, இதுகளை பாக்காம ரிவெட்ல கை வைக்காதீங்க.

சுத்தியல்:
தம்பி, அந்த ரெண்டு பாஸ்மாரிட்டையும் குடுத்திடாதேங்கோ. நான் ரத்மலானையில ப்ளேன் தகட்டு வேலை செய்த ஆள், ரிவெட் எண்டா கொஞ்சம் தெரியும். இந்த சைஸ் போட்டில தகடு ஒண்டரை, ரெண்டு மில்லிமீட்டர் தான் வரும். அலுமினியம் 660 டிகிரியில உருகும், அதுக்கு மேல படிஞ்சிருக்கிற ஒக்சைட் 2000 தாண்டினா தான் உருகும், அப்ப மேல்படை அசையிறதுக்கு முதலே உள்ளுக்கு தகடு ஊத்துப்பட்டிடும். டிக் வெல்டிங்கில கை தேர்ந்தவன் சமாளிப்பான் தான், ஆனா ரெண்டு தகடு ஏறி நிக்கிற பொருத்துக்குள்ள பழைய சீலன்ட், உப்பு, ஊத்தை எல்லாம் கிடக்குது, சூடு பட்டதும் அது புகைஞ்சு வெல்டுக்குள்ள ஓட்டை விழுத்தும், பக்கத்து ரிவெட்டும் இளகும். ஃபைபர் அதை விட மோசம். ரெசின் அலுமினியத்தில கன நாள் பிடிச்சு நிக்காது, விட்டதும் இடையில தண்ணி போய் நிண்டு தகட்டை அரிக்கும், வெளியால பார்த்தா ஒண்டும் தெரியாது.

முதல்ல கசிவை பிடியுங்கோ. பலகை எல்லாத்தையும் கழட்டி, அடிப்பக்கத்தை துடைச்சு காய விட்டு, உள்ளுக்கு தண்ணி ஊத்துங்கோ. கீழ படுத்து டோர்ச் அடிச்சா எந்த ரிவெட் தலையில துளி முட்டுது எண்டு வடிவா தெரியும், மார்க்கரால வட்டம் போடுங்கோ. துளி ஓடிப்போய் கீலில, அதாவது போட்டின்ட அடி நடுமுதுகில தொங்கும், அங்க வட்டம் போட்டு பிரயோசனம் இல்லை, துடைச்சுத் துடைச்சு முதல் முதல் ஈரம் எங்க வருது எண்டு பார்க்க வேணும். வெளிப்பக்கம் வெண்கட்டித் தூள் பூசி விட்டா இன்னும் லேசு, நனைஞ்ச இடம் கறுத்துக் காட்டும்.

ஓடேக்க தான் கூட ஏறுது எண்டு சொல்றீங்கள், அது ஆடுற ரிவெட். சும்மா நிக்கேக்க ஒழுகாம அலை அடிக்கேக்க திறக்கும். ரிவெட் தலையைச் சுத்தி சாம்பல் கறுப்பில ஒரு கோடு வழிஞ்சிருந்தா அது உரசிக்கொண்டிருக்குது எண்டு அர்த்தம், ப்ளேனிலயும் நாங்கள் இதைத் தான் தேடுவம். உள்ளுக்கு ஒராள் விரல் வைக்க வெளியால மெல்லமா தட்டிப் பாருங்கோ, ஆடுறது எண்டா விரலுக்கு துடிப்பு தெரியும்.

தண்டு தேயாட்டி அதைக் கழட்ட தேவையில்லை, திரும்ப இறுக்கலாம். வெளித்தலைக்கு அதே குழிவுள்ள செட், அதாவது ரிவெட் அடிக்கிற உளி, வச்சு ஒராள் அடிக்க, உள்ளுக்கு மற்ற ஆள் ஒரு ரெண்டு கிலோ இரும்புத் துண்டை ரிவெட்டின்ட வாலில அழுத்திப் பிடிக்க வேணும். பலமா நாலு அடியை விட அளவா கொஞ்சம் கூட அடிக்கிறது நல்லம், தகடு நெளிஞ்சா அடுத்த ரிவெட் இளகும். தேஞ்சு போனதை தலையின்ட நடுவில ட்ரில் பண்ணி தட்டி எடுத்து புதுசு போடுங்கோ, ஓட்டை பெருத்திருந்தா அடுத்த சைஸ். தண்டு தகட்டுக்கு வெளிய விட்டத்தின்ட ஒண்டரை மடங்கு நீட்டி நிக்க வேணும், 3/16 இஞ்சி ரிவெட் எண்டா கிட்டத்தட்ட 7 மில்லிமீட்டர். அடிக்கிறதுக்கு முதல் 3M 5200 எண்ட போட் சீலன்ட்டில தோய்ச்சு போடுங்கோ.

பாணந்துற_நானா:
சுத்தியல் சொன்னது சரி, ஒண்டு மட்டும் சேக்கிறேன். தண்ணி ஊத்துற விஷயத்தில கவனம். 14 அடி போட்ல நாலு இஞ்சி ஊத்தினாலே 300, 400 கிலோ வந்துடும், ட்ரெய்லர்ட ரெண்டு ரோலர்ல அந்த பாரத்தை வச்சா இல்லாத ஓட்டையும் வரும். மணல் மூட்டை, பழைய டயர் எல்லாம் அடியில நல்லா முட்டுக்குடுத்துட்டு ஊத்துங்க.

மத்தது பொல்கொட நல்ல தண்ணி இல்ல, பாணந்துறையில கடலோட சேருது, உப்பு ஏறும். உப்புத் தண்ணியில அலுமினியத்துக்கு செம்பு ஆகவே ஆகாது. அடியில பாசி, சிப்பி புடிக்காம அடிக்கிற அன்டிஃபவுலிங் பெயின்ட்ல செம்பு கலந்தத அடிக்காதீங்க. பலகை மாத்துறதா இருந்தா மருந்து ஏத்தின ப்ளைவுட் வாணாம், அந்த மருந்துலயும் செம்பு ஈக்கி, ஈரத்தோட தகட்டுல முட்டினா ஊசிக்குத்து மாதிரி ஓட்டை விழும். உள்ளுக்கு வயர் துண்டு, சில்லறைக் காசு விழுந்து கிடந்தாலும் பொறுக்கி எடுங்க.

சிலிகனை ஒரு பொட்டு விடாம சுரண்டணும். அசிட்டோன்ல கரையாது, அது ஈக்கிற இடத்தில எபொக்சியோ பெயின்ட்டோ ஒண்டும் புடிக்காது. புளிச்ச வினாகிரி வாசம் அடிக்கிற சாதி சிலிகன் எண்டா அந்த அசிட்டே தகட்டை தின்னும். அத அடிச்ச ஆளுக்கு என்ன சொல்றது.

மட்டக்குளியான்:
ரொம்ப நன்றி அண்ணா, நானா. முன் சீட்டுக்கு கீழால ஃபோம் அடைச்ச பெட்டி ஒண்ணு இருக்கு, அதுக்குள்ள இரும்பு பிடிக்க கை போகாது. அந்த இடத்துக்கு சாதாரண பொப் ரிவெட், அதான் ஒரு பக்கத்தால மட்டும் கம்பியை இழுத்து இறுக்குறது, போட்டா சரியா? பழைய சோனகத் தெருவில பெட்டி பெட்டியா கிடக்கு.

சுத்தியல்:
அது வேண்டாம். சாதாரண பொப் ரிவெட்டுக்கு நடுவால ஓட்டை, அதுக்குள்ளால தண்ணி வரும், உள்ளுக்கு முறிஞ்சு நிக்கிற கம்பி அனேகமா இரும்பு, துருப்பிடிச்சு அலுமினியத்தையும் சேர்த்துக் கெடுக்கும். நுனி அடைச்ச ரிவெட் எண்டு கேளுங்கோ, கம்பியும் அலுமினியமா இருக்க வேணும். காந்தம் ஒண்டு கொண்டு போங்கோ, கம்பியில ஒட்டினா வாங்காதேங்கோ. அதையும் சீலன்ட்டில தோய்ச்சுத் தான் போட வேணும். ஆனா எஞ்சின் நிக்கிற பின்பலகைப் பக்கம் இது தாக்குப் பிடிக்காது, அங்க அடிச்ச ரிவெட் தான்.

எல்லாம் இறுக்கி முடிஞ்ச பிறகு பொருத்து வழிய உள்ளுக்கால க்ளூவிட் மாதிரி தண்ணித்தன்மையான எபொக்சி பூசலாம், இடுக்குக்குள்ள ஓடிப்போய் அடைக்கும். இறுக்காம அதை மட்டும் பூசினா ஆடுற ரிவெட் திரும்ப வெடிப்பு விழுத்தும். தகட்டை உரஞ்ச இரும்பு ப்ரஷ் பாவிக்காதேங்கோ, துகள் ஏறி நிண்டு துருப்பிடிக்கும், ஸ்டெயின்லெஸ் ப்ரஷ் இல்லாட்டி சேண்ட்பேப்பர். உரஞ்சி, அசிட்டோனால துடைச்சு, காய்ஞ்ச உடனே பூச வேணும், அடுத்த நாளைக்கு எண்டு வச்சா ஒக்சைட் திரும்ப படிஞ்சிடும். அந்த ஃபோமையும் கழட்டி தூக்கிப் பாருங்கோ, பாரமா இருந்தா தண்ணி குடிச்சிருக்குது, எறிஞ்சுபோட்டு புதுசு வையுங்கோ.

பாணந்துற_நானா:
பலகையை திரும்ப பூட்ட முந்தி இன்னொருக்கா தண்ணி ஊத்திப் பாருங்க. 5200 சாதாரண சாதி எண்டா முழுசா இறுக ஏழு நாள் மட்டுல எடுக்கும், அதுக்குள்ள ஊத்திடாதீங்க.