எங்கள் நுண்ணுயிரியல் பேராசிரியை: பழைய மாணவர்களின் அனுபவப் பகிர்வு

நான் பாளையங்கோட்டையில் இளங்கலை நுண்ணுயிரியல் படித்தவள். எங்கள் பேராசிரியையின் ஆய்வு மண்ணில் வாழும் ஆக்டினோமைசீட்ஸ் என்ற பாக்டீரியா வகை பற்றியது என்பதால், இரண்டாம் ஆண்டு மாணவர்கள் விடுமுறை முடிந்து வரும்போது அவரவர் ஊர் மண்ணில் ஒரு பிடி கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிடுவார். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலும், சீவலப்பேரி வயல் மண்ணும், கயத்தாற்றுக் கரிசலும் ஒரே மேசையில் வந்து சேரும். மண்ணைப் பத்துப் பத்து மடங்காக நீர்க்கச் செய்து, நுண்ணுயிர்களை வளர்க்கும் அகார் தட்டில் பரப்பினால், மற்ற பாக்டீரியாக்கள் மறுநாளே வழவழவென்று படர்ந்துவிடும். ஆக்டினோமைசீட்ஸோ ஒரு வாரம் கழித்தே சுண்ணாம்புத் தூள் படிந்தாற்போல் தலைகாட்டும், லூப் என்னும் கம்பி வளையத்தால் சுரண்டினாலும் எளிதில் பெயரா. தட்டை முகர்ந்து பார்க்கக் கூடாது என்பது ஆய்வக விதி. ஆனால் மூடியைத் தூக்கும்போதே மழை பெய்த மண்ணின் வாசம் தானாக வந்துவிடும்.

1943இல் இத்தகைய ஆக்டினோமைசீட்ஸ் ஒன்றிலிருந்து காசநோய் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தவர் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற ஆராய்ச்சி மாணவர் என்பதையும், அதற்கான நோபல் பரிசு 1952இல் அவருடைய வழிகாட்டி வாக்ஸ்மனுக்கு மட்டுமே போனதையும் எங்கள் பேராசிரியை வகுப்பில் விரிவாகச் சொல்வார். சொன்னதோடு நில்லாமல், கருத்தரங்கச் சுவரொட்டிகளில் மண் கொண்டுவந்து தட்டுப் போட்ட மாணவரின் பெயரை முதலிலும் தம் பெயரைக் கடைசியிலும் அச்சிடுவார். வழிகாட்டியின் பெயர் கடைசியில் வருவது துறை வழக்கம்தான் என்றாலும், இளங்கலை மாணவரின் பெயரே இல்லாத சுவரொட்டிகளைப் பின்னாளில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

*

மேலே எழுதிய அக்காவுக்குச் சில ஆண்டுகள் பின்னால் படித்தவன் நான். எங்கள் குழுவுக்குக் கிடைத்தது மண் அன்று, குறுக்குத்துறைப் படித்துறையின் தாமிரபரணி நீர். குடல் பாக்டீரியாக்களை அடையாளம் காண உதவும் ஈ.எம்.பி. அகாரில் வளர்ந்த பாக்டீரியாக் கூட்டங்கள் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது பொன்வண்டின் முதுகைப் போலப் பச்சையாக மின்னின, நீரில் மலக் கழிவு கலந்ததைக் காட்டும் ஈ.கோலை பாக்டீரியா என்று ரெக்கார்டு நோட்டில் எழுதப் போனோம். பேராசிரியை அம்மா தடுத்துவிட்டார். லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை சேர்த்த ஊட்டத் திரவத்தில் மீண்டும் வளர்த்து, அதில் கவிழ்த்து வைத்த சிறு டர்ஹாம் குழாயில் வாயு சேர்கிறதா என்று பார்த்து, பாக்டீரியாக்களை வகை பிரிக்கும் கிராம் சாயமேற்றி, இளஞ்சிவப்புக் குச்சி வடிவப் பாக்டீரியாக்களை நுண்ணோக்கியில் காட்டிய பிறகே கையெழுத்துப் போட்டார். “ஆத்துத் தண்ணி மேல பழி சொல்றதுக்கு முன்னால எல்லாச் சோதனையையும் முடிச்சுட்டு வாங்கப்பா” என்றார்.

இப்போது நான் ஒரு குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகள் அந்தப் பச்சை மினுக்கத்தைக் கண்டதும் அறிக்கையை எழுத உட்கார்ந்தால், எழுப்பி அடுத்த சோதனைக்கு அனுப்பிவிடுகிறேன்.