மழை பெய்தால் இடது முன் சீட்டுக்குக் கீழே ஈரம், தண்ணீர் எந்த வழியாக வருகிறது?

2019 மாடல் டீசல் எஸ்யூவி, சன்ரூஃப் உண்டு, ஓடுவது சென்னையில். போன வடகிழக்குப் பருவமழையில் ஆரம்பித்தது. கனமழையில் வெளியே நிறுத்தினால் மறுநாள் கார்பெட்டுக்கு அடியில் உள்ள ஸ்பாஞ்சைப் பிழியலாம், நாற்றம் வேறு. தெளிந்த தண்ணீர், பிசுபிசுப்பு இல்லை, அதனால் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) இல்லை. ஏசி தண்ணீரும் வண்டிக்கு அடியில் ஒழுங்காகச் சொட்டுகிறது.

சன்ரூஃபின் முன் மூலைகளில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினேன், ஏ பில்லர் (முன் கண்ணாடியின் ஓரத் தூண்) குழாய் வழியாக இறங்கி வெளியே வந்துவிட்டது. கதவுக்குள் தண்ணீர் இறங்குவது எல்லாக் காரிலும் சகஜம்தான், அடித்துளைகள் அடைக்கக்கூடாது, அவையும் திறந்தே இருக்கின்றன. வைப்பருக்குக் கீழே கவுல் (கண்ணாடிக்கும் பானட்டுக்கும் நடுவிலுள்ள பள்ளம்) மூடியைக் கழற்றி வேப்பஞ்சருகை அள்ளினேன், இரண்டு பக்க வடிகாலும் ஓடுகிறது. அப்புறமும் பக்கக் கதவில் ஹோஸ் பிடித்தால் உள்ளே காய்ந்தே இருக்கிறது, முன் கண்ணாடியின் அடியில் பிடித்தால் சில நிமிடத்தில் நனைகிறது. உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரின் ஓரத்தில் லேசாக ஈரம். மெக்கானிக் கண்ணாடியையே கழற்றி ஒட்டலாம் என்கிறார், எனக்கு மனசு ஒப்பவில்லை.

கண்ணாடியில் கை வைக்கும் முன், ஒழுகுவது புளோயருக்கு (ஏசி விசிறி) காற்று போகும் வாயின் சீலா, கவுல் தகட்டு இணைப்பின் சீலன்ட்டா என்று பிரித்துக் கண்டுபிடிக்க என்ன வழி?