கொக்கி காலியாக இருந்தும் தராசு முள் ஒன்றரைக் கிலோவில் நிற்கிறது

ஷீட்டுக்கடை, குலசேகரம்
அப்பாவின் ரப்பர் ஷீட் கடையை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். 50 கிலோ தொங்கு தராசு, டயல் வைத்தது, உள்ளே ஸ்பிரிங். போன வாரம் மழையில் நனைந்த ஒட்டுப்பால் (சிரட்டையில் ஒட்டி உறைந்த ரப்பர்) மூட்டை இரண்டை லோடு ஏற்ற வந்த பையன் ஒன்றாக மாட்டிவிட்டான். முள் ஒரு சுற்று முழுதாகப் போய், மறுபடி 12-இல் நின்றது. இறக்கிய பிறகும் 1.5 கிலோவைக் காட்டியது. திருகைத் திருப்பிப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து, மூன்று நாளாக எடை போடுகிறேன். மனசு கேட்கவில்லை. பால் வெட்டுகிறவர்கள் கொண்டுவருவதே சில ஷீட்தான். அதில் கால் கிலோ குறைந்தாலும் அவர்கள் வயிற்றில் அடித்த மாதிரி. இந்தத் தராசை நம்பலாமா?

ஐடிஐ வாத்தியார், மார்த்தாண்டம்
தங்கச்சி, திருகு முள்ளைச் சரிசெய்யும், ஸ்பிரிங்கைச் சரிசெய்யாது. எஃகை ஓர் அளவுவரை இழுத்து விட்டால் பழைய நீளத்துக்கே வந்துவிடும். அந்த அளவுதான் மீட்சி எல்லை. அதற்குள் எடை இரண்டு மடங்கானால் ஸ்பிரிங்கின் நீட்சியும் இரண்டு மடங்காகும். ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்ட இந்த விதியை நம்பித்தான் டயலில் சம இடைவெளியில் கோடு போட்டிருக்கிறார்கள். 62 கிலோவில் உங்கள் ஸ்பிரிங் எல்லையைத் தாண்டிவிட்டது. அந்த ஒன்றரைக் கிலோ, திரும்பி வராமல் தங்கிவிட்ட நீளம்.

ஆனால் இதனால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். சுருள் ஸ்பிரிங்கில் கம்பி பெரும்பாலும் முறுக்கத்தான் படுகிறது, நேராக இழுபடுவதில்லை. அந்த முறுக்கத்தை எஃகு எவ்வளவு எதிர்க்கும் என்பதைச் சொல்லும் அளவுதான் விறைப்புக் குணகம், எஃகுக்குச் சுமார் 80 ஜிகாபாஸ்கல். ஒரு தடவை மீறி இழுத்ததால் அது பெரிதாக மாறாது. ஆகவே பூஜ்ஜியம் தள்ளிப்போயிருந்தாலும், கிலோவுக்கு முள் நகரும் தூரம் சரியாகவே இருக்கலாம். படிக்கல் மாட்டிப் பாருங்கள். ஏற்றும்போதும் எழுதுங்கள், இறக்கும்போதும் எழுதுங்கள். இறக்கும்போதுதான் கோளாறு பிடிபடும்.

ஷீட்டுக்கடை, குலசேகரம்
பார்த்துவிட்டேன் அண்ணா. ஏற்றும்போது 10-க்கு 9.8, 20-க்கு 19.8, 40-க்கு 39.8. இறக்கும்போது 20-க்கு 20.2, காலியாக 0.2. டயலை விரலால் தட்டினால் எல்லாம் சரியான இடத்துக்கு வந்துவிடுகிறது.

பிளஸ் ஒன், பேச்சிப்பாறை
ஏற்றும்போது ஒன்று, இறக்கும்போது ஒன்று என்றால் அது மீட்சித் தயக்கம் இல்லையா சார்? ரப்பருக்கு அப்படி உண்டு என்று படித்திருக்கிறேன்.

ஐடிஐ வாத்தியார், மார்த்தாண்டம்
நல்ல இடத்தைப் பிடித்தாய் தம்பி. ரப்பருக்கு உண்டு. இழுக்கக் கொடுத்த ஆற்றலில் ஒரு பங்கு திரும்பாமல் வெப்பமாகிவிடும். ஓடி நின்ற லாரி டயர் சுடுவதற்கு அதுவும் ஒரு காரணம். அதனால்தான் ரப்பர்க் கடையிலும் தராசுக்குள் எஃகு இருக்கிறது, எஃகில் இந்தத் தயக்கம் மிகக் குறைவு. இங்கே தட்டியதும் முள் சரியாகிறது. அப்படியென்றால் அது உராய்வு. முள்ளைத் திருப்பும் பல்சட்டமோ சின்னப் பல்சக்கரமோ அந்த மூட்டைகளால் வளைந்திருக்கும்.

தங்கச்சி, நீங்கள் பயந்தது சரிதான். எடை ஏறும்போது 200 கிராம் குறைத்துக் காட்டுகிறது. நீங்களே திறந்து எண்ணெய் விட வேண்டாம். உரிமம் உள்ள தராசு ரிப்பேர்க்காரரிடம் கொடுத்து, தொழிலாளர் துறையில் மறுமுத்திரை வாங்குங்கள். என் கடையானால் ஸ்பிரிங்கையும் மாற்றிவிடுவேன், எல்லை தாண்டியதை வைத்து ஊராருக்கு எடை போட மாட்டேன்.

ஷீட்டுக்கடை, குலசேகரம்
பல்சட்டம்தான் வளைந்திருந்தது. ஸ்பிரிங்கும் சேர்த்து மாற்றியாயிற்று, முத்திரையும் வந்துவிட்டது. புதிய ஸ்பிரிங்கின் பக்கத்தில் பழையதை வைத்தபோது நீளம் கூடியிருப்பது கண்ணுக்கே தெரிந்தது. அந்த மூன்று நாள் நோட்டை எடுத்து, ஒவ்வொரு எடைக்கும் 200 கிராமுக்கான காசை வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். இரண்டு பேர் இன்னும் வரவில்லை, அவர்கள் பணத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.