பதவி உயர்வில் நிறம் பார்க்கிறார்களா, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?

கொழிஞ்சாம்பாறைக்காரி:
பாலக்காட்டில் ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். பெயர் வேண்டாம். கடன் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் பிரிவு. போன வாரம் மூன்றாவது முறையாக டீம் லீடர் பதவி கை நழுவியது. இந்தத் தடவை கிடைத்தது நான் வேலை கற்றுக்கொடுத்த பெண்ணுக்கு. அவள் மேல் கோபம் இல்லை, நல்ல பெண், வெளுத்த நிறம். மேனேஜர் கூப்பிட்டுச் சொன்ன காரணம்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது. "இது கஸ்டமரை நேரில் பார்க்கிற வேலை. உங்களுக்கு உள்வேலைதான் செட் ஆகும்." ஏன் சார் என்றேன். "ஒரு பிரசன்டபிள் லுக் வேண்டும் இல்லையா" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

நான் கறுப்பு. நல்ல கறுப்பு. மலையாளம் பேசவும் எழுதவும் தெரியும், ஆனால் வாயைத் திறந்தால் தமிழ் வாடை அடிக்கும். இரண்டு வருடம் முன்பு கம்பெனி காலண்டருக்கு எல்லாரையும் நிறுத்திப் படம் எடுத்தார்கள். நடுவில் நின்ற என்னைப் பார்த்து போட்டோக்காரர் "சேச்சி, கொஞ்சம் பின்னால" என்றார். காலண்டர் வந்தபோது என் நெற்றியும் பாதி மூக்குக்கண்ணாடியும் தெரிந்தன. அன்றைக்குச் சிரித்துவிட்டேன். இப்போது இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறேன். நானாகக் கற்பனை பண்ணிக்கொள்கிறேனா?

பழைய பர்சனல் ஆபீசர்:
அம்மா, கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலைக்கு 27 வருடம் ஆள் எடுத்தவன் என்ற அனுபவத்தில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். பிரசன்டபிள் என்பதற்கு எங்கள் அகராதியில் நிறம் என்ற அர்த்தமே கிடையாது. இஸ்திரி போட்ட உடை, எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்துப் பேசுவது, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வது. இதில் குறை இருந்தால் ஆணையும் உள்ளேதான் உட்கார வைப்போம்.

அப்புறம், பதவி கிடைத்தது ஒரு பெண்ணுக்கு. ஆகவே பெண் என்பதால் ஒதுக்கினார்கள் என்று சொல்ல வழியில்லை. உங்கள் மேனேஜர் என்ன நிறம்? அதையும் சொல்லுங்கள். வெள்ளையரல்லாத பெண்களுக்கு ஆபீசில் முன்னேற்றம் இல்லை என்று அமெரிக்காவில் பேசுவதை எடுத்துவந்து இங்கே ஒட்டுகிறார்கள். அங்கே மனிதனை விலைக்கு வாங்கி விற்றார்கள், அந்தக் கணக்கு வேறு. அந்த ஊரிலேயே நம் சென்னையில் பிறந்த இந்திரா நூயி 2006-ல் பெப்சிகோவின் தலைமைக்கு வந்தார். திறமையை எத்தனை நாள் மூடி வைக்க முடியும்?

கொழிஞ்சாம்பாறைக்காரி:
மேனேஜரும் என் நிறம்தான் சார்.

சித்தூர் தம்பி:
(பாலக்காட்டுச் சித்தூர். ஆந்திரச் சித்தூர் இல்லை. ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியிருக்கிறது.) கேஸ் முடிந்தது. பர்சனல் ஆபீசர் சார் 1, அக்கா 0.

மூணாறு மழை:
தம்பி, ஸ்கோர் போட இவ்வளவு அவசரம் வேண்டாம். மேனேஜர் ஆண். ஆண் கறுப்பாக இருந்தால் கம்பீரம் என்பார்கள். பெண் கறுப்பாக இருந்தால் "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்பார்கள். பெண் பார்க்க வருகிற வீட்டில் விழுகிற அந்த "இருந்தாலும்" இன்டர்வியூ அறைக்குள்ளும் வரும். அந்தச் சொல்லைக் கேட்காமல் வளர்ந்த கறுப்புப் பெண் யாராவது இங்கே இருந்தால் கை தூக்கட்டும்.

கேரளத்தின் தலைமைச் செயலாளராக இருந்தவரே தப்பவில்லை. கணவர் வி.வேணு 2024 ஆகஸ்ட் இறுதியில் ஓய்வு பெற, அதே நாற்காலிக்கு வந்தவர் சாரதா முரளீதரன். கணவர் பதவியில் இருந்த காலம் வெள்ளை, இவருடைய காலம் கறுப்பு என்று யாரோ ஒப்பிட்டுப் பேசியதைப் பற்றி 2025 மார்ச்சில் ஃபேஸ்புக்கில் எழுதினார். நான்கு வயதில் தன் அம்மாவிடம், என்னை மறுபடி வயிற்றுக்குள் வைத்து வெள்ளையாக, அழகாகப் பெற்றுத்தர முடியுமா என்று கேட்டாராம். ஒரு மாநிலத்து அரசு அதிகாரிகளுக்கெல்லாம் மேலே அப்போது உட்கார்ந்திருந்த ஒருவர் எழுதியது இது. சார் சொல்கிற இஸ்திரி, கண்ணைப் பார்த்துப் பேசுவது எதிலும் அவருக்குக் குறை இருந்திருக்காது.

நூயி விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் பெண்கள் முன்னேற்றத்துக்கான லீன் இன் அமைப்பும் மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனமும் சேர்ந்து 2015 முதல் வருடாவருடம் ஓர் அறிக்கை விடுகின்றன. 2023 அறிக்கையின்படி, கீழ்மட்ட வேலையிலிருந்து முதல் மேனேஜர் படிக்கு 100 ஆண்கள் ஏறினால் 87 பெண்கள் ஏறுகிறார்கள். வெள்ளையரல்லாத பெண்களை மட்டும் எடுத்தால் 73. கறுப்பினப் பெண்கள் 54. இதற்கு அவர்கள் வைத்த பெயர் "உடைந்த படி". நாம் உச்சிப் பதவிக்குப் போகவிடாத கண்ணாடிக் கூரையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். ஏணியில் முதல் படியே இல்லை.

பழைய பர்சனல் ஆபீசர்:
எண்ணிக்கை காரணத்தைச் சொல்லாது அம்மா. எங்கள் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் சூப்பர்வைசர் இடம் காலியானபோது 14 பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டேன். ஒருவர்கூட வரவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் 14-க்கு 0. நான் தள்ளினேன் என்று அறிக்கை எழுதுவார்களா?

மூணாறு மழை:
ராத்திரி வீட்டுக்குக் கொண்டுவிட வண்டி இருந்ததா சார்?

பழைய பர்சனல் ஆபீசர்:
இல்லை. அப்போது யாரும் கேட்கவும் இல்லை.

வாளையாறு தாண்டி:
நான் கொஞ்சம் எதிர்ப்பாட்டு பாடப் போகிறேன். ஒரு பொதுத்துறை வங்கியில் 22 வருடம், இப்போது கோவையில். எங்களுக்கு எழுத்துத் தேர்வு, நேர்காணல், வருடாந்திர மதிப்பீடு என்று எல்லாம் காகிதத்தில் இருக்கிறது. என் தோலைப் பார்த்து யாரும் நிறுத்தவில்லை. இரண்டு தடவை நானே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். பதவி உயர்வு உத்தரவின் வாலில் இடமாற்ற உத்தரவும் தொங்கிக்கொண்டு வரும். மாமியாருக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ், பையன் பத்தாவது. என்னோடு சேர்ந்த ஆண்கள் மூன்று பேர் போபால், ராய்ப்பூர் என்று போய்விட்டு வந்து இப்போது எனக்கு மேலே இருக்கிறார்கள். அவர்களுக்கும் அம்மா உண்டு, பிள்ளை உண்டு. பார்த்துக்கொள்ள வீட்டில் மனைவி இருந்தார்.

வெள்ளைத் தோல் தோழிகளும் என்னைப் போலத்தான் எழுதிக் கொடுத்தார்கள். நிறம், நிறம் என்று பேசினால் இது அமுங்கிப்போகும் என்பது என் பயம்.

சித்தூர் தம்பி:
அக்கா 0.5.

சட்டப்புத்தகம்:
இரண்டு பேர் சொல்வதும் ஒரே இடத்தில் போய் முட்டுகிறது. கொஞ்சம் விளக்குகிறேன், வக்கீல் புத்தி.

பதவி ஒரு பெண்ணுக்குத்தானே கிடைத்தது என்று பர்சனல் ஆபீசர் போட்ட கணக்கையே 1976-ல் அமெரிக்காவில் மிசௌரியில் இருக்கும் மத்திய அரசு நீதிமன்றம் ஒன்று போட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் மேல் ஐந்து கறுப்பினப் பெண்கள் வழக்குப் போட்டார்கள். ஆட்குறைப்பு வந்தபோது கடைசியில் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும் என்பது விதி. 1964-க்கு முன் கறுப்பினப் பெண்களை அங்கே எடுக்கவே இல்லை, ஆகவே கடைசியில் சேர்ந்தவர்கள் யார் என்று தனியாகத் தேட வேண்டியதில்லை. கோர்ட் என்ன சொன்னது? கம்பெனி பெண்களை எடுத்திருக்கிறது, ஆகவே பெண் என்ற பாகுபாடு இல்லை. எடுத்த பெண்கள் வெள்ளையர். இனத்தையும் பெண் என்பதையும் சேர்த்துத் தைத்து ஒரு புது வழக்காகக் கொண்டுவர முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். கிம்பர்லி கிரென்ஷா என்ற கறுப்பினச் சட்டப் பேராசிரியர் 1989-ல் இதை எடுத்து விளக்கினார். தெரு முக்கில் இரண்டு பக்கமும் வண்டி வந்து ஒருத்தியை இடித்தால், இந்த வண்டியும் இல்லை அந்த வண்டியும் இல்லை என்று கேசை மூடுவது எப்படி என்பது அவருடைய வாதம்.

கொழிஞ்சாம்பாறை அக்காவின் ஆபீசில் பெண் டீம் லீடர் உண்டு, கறுப்பு மேனேஜர் உண்டு. அதனால் இவருக்கு நடந்தது ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடாது. வெள்ளைப் பெண்ணுக்கும் கறுப்பு ஆணுக்கும் கிடைத்ததைக் காட்டி, கறுப்புப் பெண்ணுக்கும் கிடைத்தது என்று எழுத முடியாது.

இன்னொரு வேடிக்கை. அந்த நாட்டின் 1964 சட்டத்தில் வேலைப் பாகுபாட்டுக்கு இனம், நிறம், மதம், பால், பிறந்த நாடு என்று பட்டியல் இருக்கிறது. நிறம் தனியாகவே உண்டு. நம் அரசியலமைப்பின் 15, 16 பிரிவுகளில் மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் எல்லாம் இருக்கின்றன. நிறம் இல்லை. அதுவும் 16 அரசு வேலைக்குத்தான். தனியார் கம்பெனிக்கு 1976 சம ஊதியச் சட்டம் இருந்தது. 1987 திருத்தத்தில் பதவி உயர்வு, பயிற்சி, இடமாற்றம் ஆகியவையும் அதில் சேர்ந்தன. பிறகு அதை 2019 ஊதியச் சட்டத் தொகுப்பில் கரைத்துவிட்டார்கள். எதைப் புரட்டினாலும் பெண் என்று வாதாடலாம், கறுப்பு என்று வாதாட ஒரு சொல் கிடைக்காது.

வாளையாறு அக்காவுக்கு ஒன்று. சி.பி. முத்தம்மா 1949-ல் வெளியுறவுப் பணிக்குப் போனவர். கல்யாணத்துக்கு அரசிடம் எழுத்து அனுமதி வாங்க வேண்டும், குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்று தோன்றினால் ராஜினாமா செய்யச் சொல்லலாம் என்று பெண்களுக்கு மட்டும் விதி இருந்தது. பெண் என்பதால் பதவி உயர்வை மறுத்தார்கள் என்று அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1979-ல் தீர்ப்பு எழுதியவர் நம் பாலக்காட்டில் பிறந்த வி.ஆர். கிருஷ்ணய்யர். வழக்கு நடக்கும்போதே அரசு அவசர அவசரமாகப் பதவி உயர்வைக் கொடுத்துவிட்டது. குடும்பம் இடைஞ்சல் என்றால் ஆணுக்கும் அது இடைஞ்சல்தானே என்ற கேள்வி அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. உங்கள் போபால் கதை அந்த விதியின் பேரன். விதி எழுத்தில் இல்லை, உத்தரவில் இருக்கிறது.

மூணாறு மழை:
எழுத்தில் இல்லாததுதான் விஷயமே. நான் தேயிலை எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள், இப்போது கொச்சியில் மென்பொருள் வேலை. 2015 செப்டம்பரில் எங்கள் பெண்கள் பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்று மூணாறு ரோட்டில் உட்கார்ந்து, சங்கத் தலைவர்களைக் கிட்டே சேர்க்காமல் 20 சதவீத போனஸ் கேட்டது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எனக்குத் தராசுதான் ஞாபகம் இருக்கிறது. குனிந்து கொழுந்து பறிப்பது முழுக்கப் பெண்கள். சாக்கைத் தூக்கித் தராசில் மாட்டினால் அந்தப் பக்கம் நோட்டுப் புத்தகத்தோடு நிற்பது ஆண். அம்மா 31 வருடம் பறித்தார். கணக்கு நன்றாக வரும், மளிகைக் கடைக்காரரைத் திருத்துவார். தராசுக்கு அந்தப் பக்கம் ஒரு நாள்கூட நின்றதில்லை. பெண்ணுக்கு அனுமதி இல்லை என்று யாரும் போர்டு மாட்டவில்லை.

வாளையாறு தாண்டி:
சரி, ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். முன்பு கேரளப் பக்கம் ஒரு கிளையில் இருந்தேன். மேனேஜர் லீவில் போனதால் ஒரு மாதம் பொறுப்பு என்னிடம். கேபினுக்குள் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "மேனேஜர் இல்லே?" என்றார். நான் "பறயூ" (சொல்லுங்கள்) என்றேன். அந்த ஒரு சொல்லிலேயே கண்டுபிடித்துவிட்டார் போல. பக்கத்திலிருந்தவரிடம் "தமிழத்தியா" (தமிழ்க்காரி) என்று சொல்லிவிட்டு, மேனேஜர் வருவார் என்று வெளியே பெஞ்சில் காத்திருந்தார். அரை மணி நேரம். மேசையில் என் பெயர்ப் பலகை இருந்தது. பெருக்க வந்தவள் என்று நினைத்தாரோ என்னவோ. இதை இன்றுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

பழைய பர்சனல் ஆபீசர்:
படித்தேன். வருத்தமாக இருக்கிறது. ஆனாலும் வருத்தம் வைத்துப் பதவி வாங்க முடியாது, ஆகவே வேலைக்கு ஆகிற மாதிரி சொல்கிறேன். மூன்று விஷயம் மெயிலில் கேளுங்கள். இந்தப் பதவிக்கு என்னென்ன தகுதி என்று தேர்வுக்கு முன்பே எழுதி வைத்திருந்தார்களா. எனக்கு ஒவ்வொன்றிலும் எத்தனை மதிப்பெண். அடுத்த முறைக்கு நான் எதைச் சரிசெய்ய வேண்டும். கூடவே, மூன்று மாதம் தற்காலிகப் பொறுப்புக் கொடுத்துப் பாருங்கள் என்று கேளுங்கள். கஸ்டமரைப் பார்க்காமலே கஸ்டமருக்குச் சரிவர மாட்டார் என்று சொல்வதை எந்த ஹெச்.ஆரும் எழுத்தில் தர மாட்டார்.

ஒரே ஒரு எச்சரிக்கை. நிறம் என்ற சொல்லை மட்டும் எழுதாதீர்கள். எழுதிய அன்றே "பிரச்சினை பண்ணுகிறவர்" என்று கோப்பில் ஏறிவிடும். நானே அப்படிக் குறிப்பு எழுதியிருக்கிறேன்.

மூணாறு மழை:
அப்படியானால் உங்கள் அகராதியில் அந்தச் சொல் இருந்திருக்கிறது சார்.

சட்டப்புத்தகம்:
சண்டை வேண்டாம். மேனேஜர் சொன்ன வாக்கியத்தை நாள், நேரத்தோடு அப்படியே போடுங்கள். "பிரசன்டபிள் லுக்" என்றால் என்ன என்று அவரே விளக்கட்டும்.

சித்தூர் தம்பி:
ஸ்கோர் போடுவதை நிறுத்திவிட்டேன். மெயில் போட்டால் சொல்லுங்கள் அக்கா.

கொழிஞ்சாம்பாறைக்காரி:
போட்டுவிட்டேன் தம்பி. சார் சொன்ன மூன்றையும் கேட்டேன், தற்காலிகப் பொறுப்பையும் கேட்டேன். மேனேஜர் சொன்னதைத் தேதியோடு சேர்த்தேன். அதற்குக் கீழே "என் நிறத்தையா சொன்னீர்கள்?" என்று ஒரு வரி தட்டினேன். சார் சொன்னதை நினைத்து அழித்தேன். டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து மறுபடி தட்டி அனுப்பினேன்.

இதை எழுதும்போதே புது டீம் லீடரிடமிருந்து வாட்ஸ்அப் வந்திருக்கிறது. நாளைக்குக் கஸ்டமர் மீட்டிங்காம், அந்த வட்டி அட்டவணையை எப்படி விளக்குவது என்று கேட்கிறாள். அவளுக்கு முதலில் பதில் போட்டுவிட்டு வருகிறேன்.