எக்ஸ்86-ல நல்லா ஓடுற பிசிஐஇ டிரைவர் ஆர்ம்64-ல பழைய டேட்டா தருது, எங்க பாக்கணும்?

ரிங்பஃபர்:
வணக்கம் நண்பர்களே, ஒரு பிசிஐஇ கேப்சர் கார்டுக்கு லினக்ஸ் டிரைவர் எழுதிட்டு இருக்கேன். எக்ஸ்86-ல எவ்ளோ நேரம் ஓடவிட்டாலும் ஒண்ணும் ஆகல, அதே கோடை ஆர்ம்64 போர்டுல ஏத்தினா கார்டு டிடெக்ட் ஆகுது, இன்டரப்ட்டும் வருது, ஆனா பஃபர்ல அப்பப்போ போன ஃபிரேமோட டேட்டாவே கிடக்கு. பஃபரை கேமாலாக்ல (கர்னல்ல மெமரி ஒதுக்குற ஃபங்ஷன்) எடுத்து, விர்ட்_டூ_ஃபிஸ் தர்ற ஃபிசிகல் அட்ரஸை கார்டுக்கு குடுக்குறேன். கார்டோட ரெஜிஸ்டரெல்லாம் ஐஓரீமேப் பண்ணி (கர்னல் அட்ரஸ்ல தெரிய வச்சு) வாலடைல் பாயின்டர் வழியா தொடுறேன். இஃப்டெஃப் (கம்பைல் பண்ணும்போதே கோடை பிரிக்கறது) போட்டு ஆர்முக்கு தனியா எழுதணுமா, இல்ல ஒரே கோட் ரெண்டுலயும் ஓட வழி இருக்கா?

பழையகர்னல்:
இஃப்டெஃப் வேண்டவே வேண்டாம். விர்ட்_டூ_ஃபிஸ்ஸை முதல்ல தூக்குங்க. அது தர்றது சிபியு பாக்குற அட்ரஸ், கார்டு பஸ்ல பாக்குற அட்ரஸ் வேறயா இருக்கலாம், நடுவுல ஐஓஎம்எம்யு (கார்டு பாக்குற அட்ரஸை மாத்திக் குடுக்குற ஹார்டுவேர்) இருந்தா ரெண்டுக்கும் சம்பந்தமே இருக்காது.

பழைய டேட்டாவுக்கு காரணம் பெரும்பாலும் கேஷ், அதாவது மெமரில இருக்கறதுக்கு சிபியு வச்சுக்கற காப்பி. எக்ஸ்86-ல கார்டு மெமரில எழுதினா ஹார்டுவேரே கேஷை சரி பண்ணிடும், நிறைய ஆர்ம் சிப்ல பிசிஐஇ-க்கு அந்த வசதி கிடையாது, அதனால சிபியு தன் கேஷ்ல இருக்கறதையே திரும்ப படிக்குது. கார்டு சிபியு இல்லாம நேரா மெமரியை தொடுறதைத்தான் டிஎம்ஏன்னு சொல்றோம், அதுக்கு பஃபரை டிஎம்ஏ_மேப்_சிங்கிள்ல ஃப்ரம்_டிவைஸ்னு திசை சொல்லி மேப் பண்ணுங்க, டிஎம்ஏ_மேப்பிங்_எரர் செக்கை விட்டுடாதீங்க, அது தர்ற அட்ரஸைத்தான் கார்டுக்கு குடுக்கணும். இன்டரப்ட் வந்ததும் டேட்டாவை தொடுறதுக்கு முன்னாடி சிங்க்_ஃபார்_சிபியு, பஃபரை திருப்பி கார்டுகிட்ட விடும்போது சிங்க்_ஃபார்_டிவைஸ். நடுவுல பஃபர் கார்டோடது, சிபியு எட்டிக்கூட பாக்கக்கூடாது. டிஸ்கிரிப்டர் ரிங் (பஃபரெல்லாம் எங்க இருக்குன்னு சொல்ற வட்ட வரிசை) மாதிரி ரெண்டு பேரும் ஓயாம தொடுறதுக்கு டிஎம்ஏ_அலாக்_கோஹிரன்ட் தான் சரி. புரோப்லயே (கார்டோட டிரைவர் சேரும்போது ஓடுற ஃபங்ஷன்) டிஎம்ஏ மாஸ்க் (கார்டால எட்ட முடிஞ்ச அட்ரஸ் அளவு) செட் பண்ணிடுங்க, 32 பிட் மட்டும் தெரிஞ்ச கார்டுன்னா 4 ஜிபிக்கு மேல இருக்கற மெமரியை அதால நேரா தொட முடியாது.

டிஎம்ஏ ஏபிஐ டீபக் ஆப்ஷனை ஆன் பண்ணி கர்னல் பில்ட் பண்ணுங்க, தப்பா மேப் பண்ணினா எக்ஸ்86-லயே கத்தும். ரொம்ப உபயோகமான விஷயம் இது.

பிட்மாஸ்க்:
மேல சொன்னதோட வாலடைலையும் எடுத்துடுங்க ப்ரோ. அது கம்பைலரைத்தான் கட்டுப்படுத்தும், சிபியு வரிசை மாத்தறதை தடுக்காது. ரீட்எல், ரைட்எல் போட்டா தேவையான பேரியரும் (வரிசை மாறாம காக்குறது) உள்ளயே வரும், பிசிஐ லிட்டில் எண்டியன் (சின்ன மதிப்பு பைட் முதல்ல) ங்கறதால பிக் எண்டியன் மெஷின்ல பைட் மாத்தறதையும் அதுவே பாத்துக்கும். மெமரில இருக்கற டிஸ்கிரிப்டருக்கு மட்டும் அந்த மாத்தத்தை நீங்கதான் செய்யணும், ஓனர் பிட்டை (டிஸ்கிரிப்டர் இப்போ யார்கிட்ட இருக்குன்னு சொல்றது) கடைசியா எழுதுங்க, அதுக்கு முன்னாடி டிஎம்ஏ_டபிள்யூஎம்பின்னு ஒரு பேரியர்.

இன்னொண்ணு, ரைட்எல் முடிஞ்சாலே கார்டுக்கு போய் சேர்ந்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல, பிசிஐ மெமரி ரைட் வழியில பிரிட்ஜ்ல தங்கலாம். ரீசெட் பிட் எழுதிட்டு டிலே போடுற இடத்துல, டிலேக்கு முன்னாடி அதே கார்டுல ஒரு ரெஜிஸ்டரை படிச்சுடுங்க, அப்போ தங்கின ரைட் போய் சேர்ந்துடும்.

ரிங்பஃபர்:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும், டிஎம்ஏ பகுதியை முதல்ல மாத்தறேன். இதே சிப் பிசிஐஇ இல்லாத பஸ்லயும் வரப்போகுது, இப்பவே எப்படி பிரிக்கலாம்?

பழையகர்னல்:
நெட்பிஎஸ்டி (யூனிக்ஸ் மாதிரி ஒரு ஓஎஸ்) சோர்ஸ்ல டெவ் டைரக்டரிக்குள்ள ஐசி-ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கு, பாருங்க. சிப்போட லாஜிக் அங்க, பிசிஐ, ஐசா (பழைய பஸ்) எல்லாத்துக்கும் சின்னச் சின்ன அட்டாச் ஃபைல் தனியா. ரெஜிஸ்டருக்கு பஸ்_ஸ்பேஸ், பஃபருக்கு பஸ்_டிஎம்ஏ, கோர் கோடுக்கு எந்த பஸ்ல இருக்கோம்னே தெரியாது. லினக்ஸ்லயும் அப்படியே பண்ணலாம், கோர்ல பிசிஐ ஹெடரை இன்க்ளூடே பண்ணாதீங்க, டிவைஸ் பாயின்டரும் மேப் பண்ணின பேஸ் அட்ரஸும் மட்டும் உள்ள அனுப்புங்க.