குளிர்பெட்டி இல்லாத பாய்மரப் படகில் 12 நாள் உணவு: புதுச்சேரியிலிருந்து போர்ட் பிளேர் வரை

கேள்வி: வாடைக்காற்று, புதுச்சேரி

அனைவருக்கும் வணக்கம். நானும் நண்பர் இருவரும் வரும் பிப்ரவரி நடுவில் 31 அடிப் பாய்மரப் படகொன்றில் புதுச்சேரியிலிருந்து போர்ட் பிளேருக்குச் செல்லவிருக்கிறோம். நேர்கோட்டில் ஏறத்தாழ 750 கடல் மைல். மணிக்கு 5 கடல் மைல் வீதம் ஓடினால் ஆறேகால் நாளில் முடிந்துவிடும். ஆனால் அந்தப் பருவத்தில் வாடை எதிர்முகமாகவே இருக்கும் என்பதாலும், இடையில் காற்றே இல்லாத நாட்களும் வரலாம் என்பதாலும், பத்து நாள் பயணமாகக் கணக்கிட்டு 12 நாளுக்கான உணவை ஏற்ற எண்ணியிருக்கிறோம். படகில் இருந்த குளிர்பெட்டி மின்கலத்தை இரவோடிரவாகக் குடித்துத் தீர்த்ததால், அதைக் கழற்றிக் கரையிலேயே வைத்துவிட்டோம்.

இம்மாதத் தொடக்கத்தில் காரைக்கால் வரை சென்று திரும்பிய நான்கு நாள் வெள்ளோட்டம் எங்கள் அறியாமையைக் காட்டிவிட்டது. "நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள அடிக்குழிதான் படகின் இயற்கைக் குளிர்பெட்டி" என்று வெளிநாட்டுக் கையேடு ஒன்று கூறியதை நம்பி, 30 முட்டைகளை அட்டைத் தட்டோடு பில்ஜ் எனப்படும் அந்த அடிக்குழியில் வைத்தோம். இரண்டாம் நாள் அட்டை ஊறிக் கூழாகி, பாதி முட்டைகள் உடைந்திருந்தன. படுக்கைக்கு அடியில் வைத்த வெங்காயம் மூன்றாம் நாளே நாறியது. தோசை மாவு முதல் இரவிலேயே மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, வழிகாட்டி வரைபடங்கள் இருந்த இழுப்பறை வரை நடந்துவிட்டது.

எனவே கேட்கிறேன்: பில்ஜ் உண்மையில் நமக்குப் பயன்படுமா? ஒரு பானைக்குள் இன்னொன்றை வைத்து இடையில் ஈர மணல் நிரப்பும் இரட்டை மண்பானை முறையை முயலலாமா? காய்கறியும் முட்டையும் எத்தனை நாள் தாங்கும்? எங்களில் ஒருவர் சைவம் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

பதில்: சோழகம், கடலூர் முதுநகர்

தம்பி, கையேட்டின் மேல் குற்றமில்லை. அது எழுதப்பட்ட கடல் வேறு. படகின் அடிப்பாகம் தான் மிதக்கும் நீரின் வெப்பத்தையே பெறும். ஆங்கிலக் கால்வாயில் கோடையிலும் நீர் 15, 17 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கும் என்பதால், அங்கே பில்ஜ் குளிர்ந்த நிலவறை போலிருக்கும். நம் வங்கக்கடல் பிப்ரவரியில் ஏறத்தாழ 27 டிகிரி. சித்திரை, வைகாசியில் 29, 30 வரை ஏறிவிடும். நண்பகலில் 34 டிகிரியில் கொதிக்கும் அறையைவிட அடிக்குழி சற்று மேல் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சிறு ஆதாயத்துக்காக அங்குள்ள ஈரத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டும். நான் அங்கே தகர டப்பாக்களையும் திருகு மூடி போட்ட புட்டிகளையும் மட்டுமே வைப்பேன். தகர டப்பாக்களின் காகித உறையை முதலிலேயே கிழித்துவிட்டு, உள்ளே இருப்பது என்னவென்று அழியாத மையால் தகரத்தின் மீதே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் காகிதம் கரைந்து பில்ஜ் பம்பின் வாயை அடைப்பதோடு, பட்டாணி என்று திறந்ததில் அன்னாசிப் பழம் வரும்.

இரட்டைப் பானையை நான் முயன்று கைவிட்டவன். நீர் ஆவியாகும்போதுதான் பானை குளிரும். காற்று உலர்ந்திருந்தால்தான் நீர் வேகமாக ஆவியாகும். நைஜீரியாவின் உலர்ந்த வடபகுதியில் அது சிறப்பாக வேலை செய்வதும் அதனால்தான். கடலின் மேல் 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் இருக்கையில், எவ்வளவு நன்றாக ஆவியானாலும் 27 டிகிரிக்குக் கீழே பானை இறங்காது. அதாவது, மணலையும் பானையையும் சுமந்து சென்று பில்ஜின் வெப்பத்தையே பெறுவீர்கள்.

ஆகவே குளிர்ச்சியைத் தேடுவதை விட்டுவிடுங்கள். நம் கடலில் வெப்பத்தைவிட ஈரமே பெரிய பகை. சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டியதும் தானாகவே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். மரக்காணத்துக் கல்லுப்பில் மக்னீசியம் கலந்திருப்பதால் அது இன்னும் முன்னதாகவே நனையும். உப்பு ஊறிய கருவாடும் அவ்வாறே. முதுநகரில் சுக்காக வாங்கிய நெத்திலி, திறந்த பையில் மூன்று நாள் கடலில் கிடந்தால் மெத்தென்றாகிப் பூஞ்சை பிடிக்கும். எதையும் ஒரே பெரிய டப்பாவில் போடாமல், ஒருமுறை திறந்தால் ஓரிரு நாளில் தீரும் சிறு புட்டிகளாகப் பிரித்து வையுங்கள். அரிசி, ரவை, அவல் எல்லாவற்றையும் கிளம்புவதற்கு முந்தைய வாரம் மொட்டை மாடியில் நன்றாகக் காயவைத்து, சூடு ஆறியதும் அடைத்துவிடுங்கள். சூட்டோடு அடைத்தால் உள்ளேயே வியர்க்கும். தானியம் எல்லாம் சேர்த்து ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் என்றால் மூவருக்கு 12 நாளில் 14.4 கிலோ ஆகும். 15 கிலோ ஏற்றுங்கள். முதல் இரண்டு நாள் குமட்டலில் எவரும் உண்ணப்போவதில்லை என்பது வேறு. அட்டைப் பெட்டி ஒன்றுகூடப் படகுக்குள் வரக்கூடாது. கரப்பான் முட்டைகள் அதன் மடிப்புகளில்தான் பயணம் செய்யும்.

முட்டைக்கு வருகிறேன். கழுவாத, குளிர்பெட்டிக்குள் ஒருமுறையும் போகாத முட்டை வேண்டும். ஓட்டின் மேல் இயற்கையாக உள்ள மெல்லிய பூச்சு கழுவினால் போய்விடும்; குளிரிலிருந்து வெளியே எடுத்த முட்டை வியர்த்து, அந்த ஈரத்தின் வழியே கிருமி உள்ளே நுழையும். நம் ஊர்ப் பெட்டிக்கடை முட்டை பெரும்பாலும் குளிர்பெட்டியைக் கண்டதில்லை என்பதால், வந்த அன்றே வாங்கிவிட்டால் 12 நாள் தாங்கும். எண்ணெய் தடவுவது நீண்ட பயணத்துக்குத்தான். பிளாஸ்டிக் தட்டில் அடுக்கி, அறையின் நிழலான நடுப்பகுதியில் வையுங்கள். ஐயமிருந்தால் நீரில் போட்டுப் பாருங்கள். மிதப்பதைக் கடலில் எறிந்துவிடலாம்.

காய்களில் வெங்காயமும் உருளையும் ஒன்றாக இருக்கக்கூடாது. இருந்தால் இரண்டும் விரைவில் முளைக்கும், அழுகும். உங்கள் வெங்காயத்துக்கு நேர்ந்தது காற்றின்மை. வலைத்தொட்டிலில் தொங்கவிடுங்கள், ஆனால் படகு சாயும்போது தடுப்புச் சுவரில் மோதாத அளவுக்குக் கயிற்றைக் குறுக்கிக் கட்டுங்கள், ஏனெனில் அடிபட்ட இடத்தில்தான் அழுகல் தொடங்கும். வெட்டாத பரங்கிக்காயும் கல்யாணப் பூசணியும் இரண்டு மாதம் இருந்தாலும் கெடமாட்டா. சேனை, கருணை, நாருரிக்காத தேங்காய் ஆகியவற்றுக்கும் கவலையில்லை. முட்டைக்கோஸை அரிவாள்மனையில் வெட்டாமல், இலை இலையாக வெளியிலிருந்து உரித்துப் பயன்படுத்துங்கள். தக்காளியைச் செங்காயாகவும் முழுப் பச்சையாகவும் கலந்து வாங்கித் தனித்தனியே செய்தித்தாளில் சுற்றுங்கள். கீரை முதல் நாளுக்கு மட்டும்.

பதில்: அஞ்சறைப்பெட்டி, புதுச்சேரி

ஐயா சொன்னது எல்லாம் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: நீங்கள் கரைச் சமையலை அப்படியே கடலுக்குக் கொண்டுபோக முயல்கிறீர்கள், அதுதான் சிக்கல். குளிர்பெட்டி நம் வீடுகளுக்கு வந்து எத்தனை காலம் ஆகிறது? என் பாட்டி வீட்டில் அது இருந்ததேயில்லை. ஆயினும் ஐப்பசி மழையில் பத்து நாள் கடைத்தெருவுக்குப் போகாமலே எட்டுப் பேருக்குச் சமையல் நடந்தது.

சைவ நண்பருக்கு வத்தக்குழம்பைவிட வேறென்ன வேண்டும்? சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரை வற்றல்களை ஆளுக்கு ஒரு பிடியாகப் பொட்டலம் கட்டிக்கொள்ளுங்கள். தை பிறந்துவிட்டதால் வெயிலும் இருக்கிறது. இப்போதே போட்டால் பிப்ரவரிக்குள் காய்ந்துவிடும். புளிக்காய்ச்சலைத் தண்ணீர் முற்றிலும் சுண்டி நல்லெண்ணெய் பிரிந்து மேலே நிற்கும் வரை காய்ச்சி, ஈரமில்லாத புட்டிகளில் நிரப்பினால் உங்கள் பயணம் முடிந்து மிச்சமும் இருக்கும். அலை எழும்பும் நாளில் சோறு மட்டும் வடித்துப் பிசைந்துகொள்ளலாம். எலுமிச்சை, நார்த்தங்காய் ஊறுகாயும் மோர் மிளகாயும் சொல்லாமலே கொண்டுபோவீர்கள். துவரம் பருப்பில் சிறிது விளக்கெண்ணெய் தடவிக் காயவைத்தால் வண்டு அண்டாது; சமைக்கும் முன் கழுவிவிடுங்கள்.

மாவைப் பொறுத்தவரை, புளித்த மாவைக் கடலுக்கு எடுத்துச் செல்வதே தவறு. 30 டிகிரியில் அது உங்கள் சொல்லைக் கேட்காது. புட்டு மாவு, வறுத்த ரவை, சேமியா, அவல் ஆகியவை போதும். தோசை இல்லாமல் ஒருவர் வாட்டப்பட்டால் கோதுமை மாவில் கரைத்த தோசை சுட்டுக்கொள்ளட்டும். பாலுக்கு 200 மில்லி அட்டை உறைப் பொட்டலங்கள் நல்லவை, ஏனெனில் திறந்தால் அப்போதே தீர்ந்துவிடும். (ஐயா அட்டைப் பெட்டி வேண்டாம் என்றது இவற்றை அடுக்கிவரும் வெளிப்பெட்டியை, அதைக் கரையிலேயே விட்டுவிடுங்கள்.) தயிருக்குப் பால் பொடியைக் கரைத்து அன்றாடம் உறை ஊற்றலாம், அந்த வெப்பத்தில் நான்கைந்து மணி நேரத்தில் தோய்ந்துவிடும்.

வாழைப்பழத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். பெரிய மார்க்கெட்டில் ஒரே தாராக வாங்கித் தொங்கவிட்டால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஐந்தாம் நாள் மொத்தமும் பழுத்து, அன்றே மூவரும் ஆளுக்கு இருபது தின்ன வேண்டிவரும். பழுத்தது ஒரு சீப்பு, செங்காய் ஒரு சீப்பு, முழுக்காய் ஒரு சீப்பு என்று வாங்கி, தக்காளியிடமிருந்து தள்ளி வையுங்கள். பழுக்காமல் அடம்பிடிப்பதைப் பொரியல் செய்யலாம்.

மீந்த குழம்பை மறுநாளைக்கு வைக்கப் பிரஷர் குக்கரிலேயே மீண்டும் விசில் வரும்வரை ஏற்றி, திறக்காமல் விட்டுவிடுவதாகக் கடலோடிகள் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பதில்: நுண்ணோக்கி, கடலூர்

உணவுப் பாதுகாப்புத் துறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில், மூன்று இடங்களில் மட்டும் குறுக்கிடுகிறேன்.

குக்கர் முறை ஓரிரவுக்குத் தாங்கும், அதற்கு மேல் நம்ப வேண்டாம். குக்கர் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, வெயிட்டின் வழியே வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும். அது புட்டியில் அடைத்த உணவைப் போல் முத்திரையிட்டதன்று. மீந்த சோற்றை இம்முறையில் வைக்கவே வேண்டாம். அரிசியில் இயல்பாகவே உள்ள ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் கொதிநீரில் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கையில் அவை முளைத்து உண்டாக்கும் நஞ்சு, மறுபடி சுடவைத்தாலும் அழியாது. பழைய சோறு வேறு வகை: முழுதும் நீரில் மூழ்கிப் புளிப்பதால் அமிலம் ஏறி ஓரளவு காப்பாகிறது. ஆயினும் முதல் நாள் இரவு ஊற்றியதை மறுநாள் காலையில் முடித்துவிட வேண்டும், மாலைக்கு வைக்கக்கூடாது.

இரண்டாவது, வழியில் தூண்டிலில் மீன் படும். சூரை, கானாங்கெளுத்தி, வஞ்சிரம் போன்றவற்றைப் பிடித்தவுடன் செவுளை அறுத்து இரத்தத்தை வடித்து, குடலை நீக்கி, அந்த வேளையிலேயே சமைத்துவிடுங்கள். வெயிலில் சில மணி நேரம் கிடந்தால் இவ்வகை மீன்களின் சதையில் ஹிஸ்டமின் என்னும் பொருள் சேரும். எவ்வளவு வேகவைத்தாலும் வறுத்தாலும் அது போகாது, நாற்றமும் காட்டாது. உண்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலைவலியும் படபடப்பும் வரும். மூவரால் உண்ண முடியாத அளவு பெரிய மீன் பட்டால் திருப்பி விட்டுவிடுவதே நல்லது.

மூன்றாவது, பூண்டை வெறும் எண்ணெயில் ஊறவைத்து எடுத்துச் செல்லாதீர்கள். காற்றுப் புகாத, புளிப்பில்லாத இடத்தில்தான் பொட்டுலிசம் என்னும் கொடிய நோய்க்குக் காரணமான நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரும். புளியோ எலுமிச்சைச் சாறோ போதிய அளவு சேர்த்து, அமில அளவு பி.எச். 4.6-க்குக் கீழே வந்துவிட்டால் அச்சமில்லை. அம்மா சொன்ன புளிக்காய்ச்சல் கெடாததற்கு நல்லெண்ணெயைவிடப் புளியும் உப்பும் ஈரமின்மையுமே காரணம்.

கேள்வியாளர்: வாடைக்காற்று

மூவருக்கும் நன்றி. வற்றல் நாளையே மாடிக்கு ஏறுகிறது. இன்னும் ஒரே ஓர் ஐயம்: படகில் 150 லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வீதம் மூவருக்கு 144 லிட்டர் ஆகிறது. சரியாகத்தானே இருக்கிறது?

பதில்: சோழகம், கடலூர் முதுநகர்

கணக்கு சரி, ஏற்பாடு தவறு. 1968-69இல் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 312 நாள் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றினாரே, அந்தச் சுஹைலி நம் மும்பையில் கட்டிய 32 அடிப் படகு. வழியில் அவருடைய தொட்டித் தண்ணீர் கெட்டுப்போய், மழைநீரைப் பிடித்தே சமாளித்தார். பிப்ரவரியில் நம் கடலில் மழையை நம்ப முடியாது. தொட்டியில் 150 லிட்டர் இருக்கட்டும். அதைத் தவிர நான்கு 20 லிட்டர் கேன்களை நிரப்பி, படகின் வெவ்வேறு மூலைகளில் கட்டிவையுங்கள். கரை மறைந்த பிறகு பாத்திரத்தைக் கடல்நீரில் தேய்த்துக் கடைசியாக மட்டும் நன்னீரில் அலசினால் பெரும் மிச்சம். சோற்றுக்கும் ஆறு பங்கு நன்னீருக்கு ஒரு பங்கு கடல்நீர் சேர்க்கலாம். லிட்டருக்கு ஏறத்தாழ 5 கிராம் உப்பு சேர்ந்துவிடும், தனியே போட வேண்டியதில்லை. இதைத் தேங்காய்த்திட்டு முகத்துவாரத்து நீரில் செய்துவிடாதீர்கள், நீலநீர் வந்த பிறகுதான்.

கிளம்பும் முன் அந்த வரைபட இழுப்பறையையும் ஒருமுறை கழுவிவிடுங்கள் தம்பி. புளித்த மாவு வாசத்துக்கு எறும்பு வந்தால் கடலிலும் உங்களோடு வரும்.