ஏற்காட்டுத் தோட்டம், சேலத்து மாந்தோப்பு: உள்ளே போய் வந்த அனுபவம் சொல்லுங்கள்

அஸ்தம்பட்டிக்காரி:

நான் பிறந்து வளர்ந்தது சேலம். ஏற்காட்டுக்கு எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஏரியில் படகு, லேடீஸ் சீட், சேர்வராயன் கோயில், இறங்கும்போது ஒரு பாக்கெட் மிளகு, அவ்வளவுதான். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி மேலே போனால் எங்கு பார்த்தாலும் காப்பிச் செடி. ஆனால் வேலிக்கு உள்ளே கால் வைத்ததில்லை. போன டிசம்பரில்தான் அது நடந்தது.

சென்னையிலிருந்து நாத்தனார் குடும்பம் வந்திருந்தது. தெரிந்தவர் மூலம் நாலு ஏக்கர் வைத்திருக்கும் ஒரு தோட்டக்காரரிடம் கேட்டோம். "காலையில எட்டு மணிக்கு வந்துடுங்க, பழம் எடுக்கிற நேரம்" என்றார். போனதும் சுற்றிக் காட்டுவார் என்று நினைத்தோம். அவர் ஆளுக்கொரு கூடையைக் கையில் கொடுத்துவிட்டார்.

நாத்தனார் மகளுக்கு ஒன்பது வயது. கொத்தைப் பிடித்து அப்படியே உருவப் போனாள். பக்கத்தில் பறித்துக்கொண்டிருந்த அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். "பச்சையைத் தொடாத பாப்பா. செவந்தது மட்டும், ஒண்ணொண்ணா, லேசா திருகு." அப்புறம் ஒரு சிவப்புப் பழத்தைப் பிதுக்கி அவள் வாயில் வைத்தார். காப்பிப் பழம் இனிக்கும் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். தோலுக்குள் வழுவழுவென்று கொஞ்சம் சதை, அதற்குள் ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு கொட்டை. அதில் காப்பி வாசனை துளிகூட இல்லை!

இரண்டு மணி நேரம் ஐந்து பேர் பறித்தோம். தராசில் வைத்தால் 12 கிலோ. தோட்டக்காரர் பாப்பாவைக் கூப்பிட்டுக் கணக்குச் சொன்னார். சுமார் ஆறு கிலோ பழம் இருந்தால் ஒரு கிலோ கொட்டை தேறும். வறுக்கும்போது அதிலும் எடை குறையும். அதற்கு முன்னால் பல்பர் இயந்திரத்தில் போட்டுத் தோல் நீக்க வேண்டும், தொட்டியில் ஊறவைத்துக் கழுவ வேண்டும், களத்தில் பரப்பி ஒரு வாரம் பத்து நாள் கிளறிக் கிளறிக் காயவைக்க வேண்டும். மழை மேகம் தெரிந்தால் ஓடிப்போய் வாரிக் கட்ட வேண்டும். பாப்பா கூடையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது வீட்டில் யார் டம்ளரில் காப்பியை மிச்சம் வைத்தாலும் திட்டுகிறாளாம்.

இந்தத் திரியை ஆரம்பித்ததே இதைச் சொல்லத்தான். நம் மலையில் காப்பி வந்து இருநூறு வருசம் ஆகிறது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்தது. வருகிறவர்கள் இன்னும் ஏரியை மட்டும் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள். ஒருமுறை ஒரு டூர் ஏற்பாட்டாளரிடம் 'எஸ்டேட் விசிட்' என்று பணம் கட்டிப் போனோம். சாலையோரக் கடை வாசலில் கால் மணி நேரம் நிறுத்தியதோடு சரி. தோட்டத்துக்கு ஊஞ்சல், போட்டோ எடுக்க அலங்காரம் எதுவும் வேண்டாம். அங்கே நடக்கிற வேலையைக் காட்டினாலே போதும் என்பது என் எண்ணம்.

மாந்தோப்பு வீடு:

எங்களுக்குச் சேலத்துக்குக் கீழே மாந்தோப்பு. மே மாதத்தில் இரண்டு வருசமாக ஆட்களை உள்ளே விடுகிறோம். முதல் வருசம் காசு வாங்கவில்லை. வந்தவர்கள் கிளையைப் பிடித்து ஆட்டினார்கள், பிளாஸ்டிக் தட்டைப் போட்டுவிட்டுப் போனார்கள். ரொம்ப மனக்கஷ்டம். இப்போது தலைக்கு ஒரு தொகை வாங்குகிறோம், பறிக்கும்போது நாங்களும் கூடவே நிற்கிறோம். அதிலிருந்து ஒரு கிளைகூட முறியவில்லை.

பறிப்பது எப்படி என்று காட்டுவதுதான் எனக்குப் பிடித்த நேரம். தொரட்டி நுனியில் வலை கட்டியிருக்கும். காம்பு கொஞ்சம் நீளமாக இருக்கும்படி அறுக்க வேண்டும். காம்பு ஒட்ட ஒடிந்தால் பால் வடிந்து தோல் கறுத்துவிடும். போன வருசம் ஒருவர் மல்கோவாவைப் பார்த்து, "பச்சையா இருக்கே, பழுக்கலையே" என்றார். மல்கோவா பழுத்தாலும் முழுக்க மஞ்சளாகாது, மூக்கால்தான் பார்க்க வேண்டும். வைக்கோலில் வைத்திருந்ததை எடுத்து மோந்து பார்க்கச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார் மனுசன். சீக்கிரமாக மஞ்சளாக்குவதற்குக் கார்பைடு கல் வைக்கிற பழக்கம் எதனால் வந்தது என்று அவரிடம் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

1999-ல் உழவர் சந்தைத் திட்டம் வந்தபோது எங்கப்பா, "வாங்குறவங்க மூஞ்சியைப் பார்த்து இப்பத்தான் விக்கறேன்" என்றார். அன்றைக்கு அவருக்கு இருந்த சந்தோசம் இப்போது எனக்குத் தோப்பிலேயே கிடைக்கிறது.

சூரமங்கலம் வாசகர்:

அக்கா, நீங்கள் போன தோட்டத்தில் சாப்பாடு இருந்ததா? வயசான அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

அஸ்தம்பட்டிக்காரி:

முன்னாடியே சொன்னால் தோட்டக்காரர் வீட்டிலேயே சமைத்துத் தருகிறார்கள். எங்களுக்குக் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும். சரிவான இடம், காலையில் பனி ஈரம் வழுக்கும். அம்மாவைக் களத்தோரம் நாற்காலி போட்டு உட்காரவைத்தால் போதும், கொட்டை காய்வதைப் பார்த்துக்கொண்டே பொழுது போய்விடும்.

சில்வர் ஓக் நிழல்:

நானும் மேலே சின்னத் தோட்டம் வைத்திருப்பவன்தான். அக்கா சொன்னது முழுக்கச் சரி. எங்களுக்கு ஒரே விளைச்சலை நம்பி இருக்க முடியாது. காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக்கில் மிளகுக் கொடி ஏற்றியிருக்கிறோம், ஓரத்தில் பலா, ஆரஞ்சு. தண்டுத் துளைப்பான் புழு புகுந்தால் செடியையே பிடுங்கி எரிக்க வேண்டிவரும். அந்த மாதிரி வருசத்தில் தோட்டம் பார்க்க வருகிற பத்துக் குடும்பம் எங்களுக்குப் பெரிய தெம்பு.

எல்லாரும் மே மாதம் மலர்க் கண்காட்சிக்குத்தான் வருகிறார்கள். அந்த நேரத்தில் காப்பியில் பச்சைக் குண்டுமணி மாதிரிப் பிஞ்சுதான் இருக்கும். பழம் எடுப்பதைப் பார்க்க நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரிக்குள் வாருங்கள். பூப் பார்க்க ஆசையிருந்தால் மார்ச், ஏப்ரலில் முதல் கோடைமழை விழுந்த செய்தி வந்ததும் நாளை எண்ண ஆரம்பியுங்கள். எட்டு, ஒன்பது நாள் கழித்து விடியற்காலையில் மொத்தச் சரிவும் வெள்ளையாகிவிடும், மல்லிகை மாதிரி மணக்கும். இரண்டு மூன்று நாள்தான் இருக்கும். மழை பெய்த அன்றைக்கே இங்கே எழுதிவிடுகிறேன்.